நாட்டுடைமையான வலது கால்

கால்பந்து வீரர் யூசேபியோவை 'வெளிநாட்டில் பிறந்த ஸ்ட்ரைக்கர்' என்று 1966-இல் லிஸ்பன் காபிக்கடை ஒன்றில் யாராவது உரக்கச் சொல்லியிருந்தால், அடுத்த மேஜையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வந்து தோளில் கை வைத்திருப்பான். பிடே என்ற ரகசியப் போலீஸுக்கு அந்த ஊரில் அப்படி நிறைய மேஜைகள் இருந்தன. மொசாம்பிக் வெளிநாடா? யார் சொன்னது? அது போர்ச்சுகல். கப்பலேறினால் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும், நடுவில் ஒரு கண்டமே படுத்துக் கிடக்கும், அங்கே வாழ்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் போர்ச்சுகீசிய மொழியில் தன் பெயரை எழுதத் தெரியாது. இருந்தாலும் போர்ச்சுகல்தான்.

1951-இல் அரசமைப்பில் 'காலனி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'கடல்கடந்த மாகாணம்' என்று எழுதிவிட்டார்கள். உலகம் காலனி வைத்திருப்பவர்களைத் திட்ட ஆரம்பித்திருந்த நேரம். திட்டு வாங்காமல் இருக்க இரண்டு வழி உண்டு. காலனியை விடலாம், இல்லையென்றால் பெயர்ப்பலகையை மாற்றலாம். பெயின்ட் மலிவு.

அந்த நாட்டை ஆண்டவர் சலாசார் என்ற பொருளாதாரப் பேராசிரியர். 1932 முதல் பிரதமர். ஐரோப்பாவின் வரைபடத்தின் மேல் அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் வெட்டி ஒட்டி, 'போர்ச்சுகல் சின்ன நாடு அல்ல' என்று தலைப்புப் போட்டுப் பள்ளிச் சுவர்களில் மாட்டிய ஆட்சி அது. கோவாவும் அவருக்கு போர்ச்சுகல்தான். 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தபோது, சரணடையக் கூடாது, சாகும்வரை போரிடுங்கள் என்று கட்டளை அனுப்பினார். கட்டளை லிஸ்பனிலிருந்து போனது, சாக வேண்டியவர்கள் கோவாவில் இருந்தார்கள். நல்லவேளை, அங்கிருந்த கவர்னர் ஜெனரலுக்கு சலாசாரைவிடப் புத்தி அதிகம். இரண்டாம் நாளே வெள்ளைக்கொடி காட்டிவிட்டார். ஊர் திரும்பியதும் பதவியைப் பறித்து அவரை ராணுவத்தைவிட்டே விரட்டினார்கள்.

இப்படிப்பட்ட மகானுபாவரின் கையில் ஒரு வலது கால் கிடைத்தது.

அந்தக் கால் 1942 ஜனவரி 25 அன்று லோரன்சோ மார்க்கஸ் நகரில் பிறந்தது. இன்று அதன் பெயர் மபுட்டோ. அங்கே ஒரே ஊருக்குள் இரண்டு ஊர் இருந்தன. வெள்ளையர் வாழ்ந்தது சிமென்ட் நகரம், கறுப்பர் வாழ்ந்தது நாணல் நகரம். யூசேபியோவின் மஃபலாலா இரண்டாவதில் இருந்தது. மரமும் தகரமும் சேர்த்துக் கட்டிய வீடுகள், மழை வந்தால் குளமாகும் சந்துகள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா டெட்டனஸ் வந்து இறந்தபோது பையனுக்கு எட்டு வயது. பழைய காலுறைக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, வாயை முடிச்சுப் போட்டால் அதுதான் பந்து. அந்தச் செய்தித்தாளில் தலைவர் சலாசாரின் படமும் இருந்திருக்கும். அந்த வகையில் பையன் சின்ன வயதிலேயே செய்யவேண்டியதைச் செய்திருக்கிறான்.

எல்லாரும் போர்ச்சுகீசியர் என்றால் எல்லாருக்கும் குடியுரிமை இருக்கவேண்டுமே என்று கேட்பீர்கள். கேட்கக் கூடாது. ஆப்பிரிக்கர்களுக்கென்று தனிச் சட்டம் இருந்தது. பெரும்பான்மையோர் 'பூர்வகுடி'. குடிமகனாக உயர வேண்டுமானால் போர்ச்சுகீசிய மொழி பேச வேண்டும், வேலை இருக்க வேண்டும், நாகரிகமாக வாழ்கிறான் என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். 1950-இல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மொசாம்பிக் மக்களில் இந்தப் பரீட்சையில் தேறியவர்கள் 5,000 பேர்கூட இல்லை. மற்றவர்களுக்கு ஷிபாலோ என்ற கட்டாய வேலை காத்திருந்தது. சாலை போடு, பருத்தி விதை, அடுத்தவன் தோட்டத்தில் குனி.

குனிய மறுத்தவர்களுக்குத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் இறங்கிய மொசாம்பிக்காரனின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைப்பார்கள். அது போர்ச்சுகல் அரசுக்குத் தங்கமாகப் போகும், அதுவும் அரசு நிர்ணயித்த மலிவு விலைக் கணக்கில். அரசு அந்தத் தங்கத்தை வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு விற்கும். நுரையீரலில் தூசியோடு ஊர் திரும்பும் தொழிலாளிக்கு உள்ளூர் எஸ்குடோவை எண்ணிக் கொடுக்கும். தங்கம் ஒருவனுக்கு, தாள் இன்னொருவனுக்கு. சலாசார் பொருளாதாரப் பேராசிரியர் என்று முதலிலேயே சொன்னேன்.

யூசேபியோ அந்தச் சுரங்கத்துக்குப் போகவில்லை. மைதானத்துக்குப் போனார். முறை மட்டும் ஏறக்குறைய அதேதான்.

உள்ளூரில் ஸ்போர்ட்டிங் கிளப்பின் கிளை அணிக்கு ஆடிக்கொண்டிருந்த பையனை லிஸ்பனின் பென்ஃபிகா கொத்திக்கொண்டு போனது. பிரேசில்காரர் ஒருவர் முடிதிருத்தகத்தில் வைத்துப் பயிற்சியாளர் பேலா குட்மனிடம் இந்தப் பையனைப் பற்றிச் சொன்னார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. 1960 டிசம்பரில், பதினெட்டு வயதில், 'ரூத் மலோசோ' என்ற பெண்பெயரைச் சங்கேதமாக வைத்து விமானத்தில் ஏற்றினார்கள். ஸ்போர்ட்டிங்காரர்கள் கடத்திவிடுவார்கள் என்று பயந்து தெற்கே அல்கார்வ் கடற்கரையில் கொஞ்சநாள் ஒளித்தும் வைத்தார்கள். ஒரே நாட்டின் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குப் போகிற குடிமகனை அனுப்பிய விதம் இது. கள்ளக்கடத்தல் சரக்குக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் வந்திருக்கும்.

1961 மே மாதம் முதல் ஆட்டம், மூன்று கோல். அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பியக் கோப்பை இறுதி. ரியல் மாட்ரிட்டுக்கு புஷ்காஷ் மூன்று கோல் அடித்தும் பென்ஃபிகா 5-3 என்று வென்றது, கடைசி இரண்டும் யூசேபியோ போட்டவை. 1965-இல் பாலன் டி'ஓர். இதையெல்லாம் புள்ளிவிவரப் பிரியர்களிடம் விட்டுவிடுகிறேன். பென்ஃபிகாவுக்கு 440 ஆட்டங்களில் 473 கோல் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஆட்டத்துக்கு ஒன்றுக்குமேல்.

அந்த 1961-லேயே இன்னொன்றும் நடந்தது. பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அங்கோலா பற்றி எரிந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. செப்டம்பரில் 'பூர்வகுடி'ச் சட்டத்தை ரத்து செய்து, இனி எல்லாரும் குடிமக்கள் என்றார்கள். பல நூற்றாண்டு தூங்கிக்கொண்டிருந்த மனசாட்சி தீப்பட்டதும் எழுந்துவிட்டது. அப்போது, எங்களிடம் இனபேதமே இல்லை, பாருங்கள் என்று காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. முகம் பென்ஃபிகாவின் சிவப்புச் சட்டையில் தயாராக இருந்தது. உலகப் பத்திரிகைகள் 'கருஞ்சிறுத்தை' என்று பெயர் வைத்தன. சிறுத்தை எந்தக் கூண்டில் இருக்கிறது என்று விசாரிக்க விளையாட்டுப் பக்கத்தில் இடம் இருக்கவில்லை.

இத்தாலிய கிளப்புகள் பணப்பெட்டியோடு வந்தன. யுவென்டஸ் வந்தது, இன்டர் மிலான் வந்தது. அங்கே போனால் பென்ஃபிகாவில் கனவிலும் காணாத காசு. சலாசார் விடவில்லை. இந்த வீரன் தேசத்தின் சொத்து, விற்பனைக்கு இல்லை. யூசேபியோவே பின்னாளில் பேட்டிகளில் இதைக் கசப்போடு சொன்னார்.

நாம் அறிந்த நாட்டுடைமை வேறு. பேருந்தை நாட்டுடைமையாக்குவார்கள், வங்கியை ஆக்குவார்கள். எழுத்தாளரின் நூல்களை ஆக்குவார்கள், அதுவும் பெரும்பாலும் அவர் கண்ணை மூடியபிறகு, வாரிசு கையில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு. மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயது இளைஞனை இடுப்புக்குக் கீழே நாட்டுடைமையாக்கிய பெருமை போர்ச்சுகலுக்கு உண்டு. சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அவரைப் பட்டினி போடவில்லை. வீடு இருந்தது, கார் இருந்தது, போர்ச்சுகல் கணக்குக்கு நல்ல சம்பளம் இருந்தது. வண்டிமாட்டுக்குக்கூடப் பருத்திக்கொட்டை வைப்பார்கள். 1966 உலகக்கோப்பைக்குப் பிறகு இத்தாலியும் வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது, பேச்சு முடிந்தது.

அந்த உலகக்கோப்பைக்கு வருவோம். 1966 ஜூலை 23, லிவர்பூலின் குடிசன் பார்க். எதிரே வடகொரியா. இருபத்தைந்து நிமிடத்தில் வடகொரியா மூன்று, போர்ச்சுகல் சுழி. இதோடு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று எல்லாரும் நினைத்தபோது யூசேபியோ ஒன்று போட்டார். போட்டதும் கட்டிப்பிடிக்க வந்தவர்களைக் கவனிக்காமல் வலைக்குள் ஓடி, பந்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினார். நேரம் இல்லை, வா. இடைவேளைக்கு முன் பெனால்டியில் இரண்டாவது. பிறகு மூன்றாவது. அதன்பின் இடது ஓரத்தில் பந்தோடு புகுந்து, ஒருவரைத் தாண்டி, இன்னொருவரைத் தாண்டி, கோல் பகுதிக்குள் நுழைந்ததும் காலை வாரிவிட்டார்கள். கொஞ்ச நேரம் புல்லில் கிடந்தார். எழுந்தார், நொண்டினார், பந்தை அவரே புள்ளியில் வைத்தார். நான்கு. ஆட்டம் 5-3. தனியொருவன் ஒரு நாட்டையே முதுகில் தூக்கிக்கொண்டு ஓடுவது எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் அந்தப் பழைய கறுப்புவெள்ளைப் படச்சுருளைப் பார்க்கலாம். தூக்கப்பட்ட நாடு எது, தூக்கியவனின் ஊர் எது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அரையிறுதியில் வெம்ப்ளியில் இங்கிலாந்திடம் 2-1 என்று தோற்று, சட்டையை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார். போர்ச்சுகலில் அந்த ஆட்டத்துக்கே 'கண்ணீர் ஆட்டம்' என்றுதான் பெயர். மொத்தம் ஒன்பது கோல், அந்த உலகக்கோப்பையில் எவரையும்விட அதிகம். அணித்தலைவர் கொலுனா, தடுப்பாட்டக்காரர்கள் ஹிலாரியோ, விசென்டே, இவர் - நால்வரும் மொசாம்பிக்கில் பிறந்தவர்கள். போர்ச்சுகல் வாங்கிய மூன்றாம் இடத்தில் மொசாம்பிக்கின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடச் சொன்னால் பேராசிரியருக்குக் கணக்கு மறந்துவிடும்.

ஏனென்றால் அந்த மொசாம்பிக்கில் அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. 1964 செப்டம்பரில் ஃப்ரெலிமோ என்ற விடுதலை இயக்கம் துப்பாக்கியைத் தூக்கியிருந்தது. ஆயிரக்கணக்கான போர்ச்சுகீசிய இளைஞர்களைக் கப்பலேற்றி, 'நம் நாட்டின்' கிராமங்களைக் கொளுத்த அனுப்பினார்கள். அங்கிருந்து வந்தவன் போட்ட கோலுக்கு லிஸ்பனில் பட்டாசு, அங்கேயே இருந்தவன் தலையில் குண்டு.

யூசேபியோ இதைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்று குறைப்படுபவர்கள் உண்டு. குறைப்படுபவர்கள் பெரும்பாலும் பிடே இல்லாத ஊரில், சாய்வு நாற்காலியில் இருப்பவர்கள். பல்கலைக்கழகமும் பிஷப்பும் வங்கி முதலாளியும் நாற்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்டில், நாணல் நகரத்திலிருந்து வந்த பையன் மட்டும் புரட்சி பேசியிருக்க வேண்டுமாம்.

சாய்வு நாற்காலி என்றதும் ஞாபகம் வருகிறது. 1968-இல் சலாசார் நாற்காலியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, மூளையில் ரத்தம் கசிந்து படுக்கையில் விழுந்தார். கயெட்டானோ புதுப் பிரதமர் ஆனார். இதைக் கிழவரிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. 1970-இல் சாகும்வரை தாம்தான் ஆள்கிறோம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார், அமைச்சர்கள் வந்து பணிவாகப் பேசிவிட்டுப் போனார்கள். போர்ச்சுகல் சின்ன நாடு அல்ல என்று ஊரையே நம்பவைத்தவருக்கு ஊர் பதிலுக்குச் செய்த மரியாதை.

ஆள் போனாலும் உடைமை போகவில்லை. முழங்காலில் கத்தி மேல் கத்தி வைத்தார்கள், இடது முழங்காலில் மட்டும் ஆறு அறுவை சிகிச்சை. அதோடும் ஆடினார். 1972-73 பருவத்தைப் பாருங்கள். பென்ஃபிகா லீக்கில் 30 ஆட்டம், 28 வெற்றி, 2 சமன், தோல்வியே இல்லை. யூசேபியோ 40 கோல் அடித்து ஐரோப்பாவின் தங்கக் காலணியை இரண்டாம் முறை வாங்கினார். வயது முப்பத்தொன்று. அதே பருவத்தில், 1972 டிசம்பர் 16 அன்று, மொசாம்பிக்கின் டெட்டே பகுதியில் விரியாமு என்ற கிராமத்துக்குள் போர்ச்சுகீசிய கமாண்டோக்கள் நுழைந்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு லண்டன் டைம்ஸில் இது வெளியானபோது லிஸ்பன் கொடுத்த பதில் அழகானது: அப்படி ஒரு கிராமமே இல்லை. பெயர்ப்பலகை வித்தையில் இது உச்சம். காலனியை மாகாணமாக்கிய கை, கிராமத்தை இல்லாமலே ஆக்கிவிட்டது.

1974 ஏப்ரல் 25 அன்று ராணுவ இளைஞர்களே அந்த ஆட்சியைக் கவிழ்த்தார்கள். துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ. வாழ்த்துவோம். ஜனநாயகப் போர்ச்சுகலும் வந்தது. வந்து அது செய்த ஒரு வேலையைத்தான் நான் இந்தக் கதையிலேயே மிக மோசமானதாக நினைக்கிறேன், சர்வாதிகாரியிடம் நியாயத்தை எதிர்பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால்.

மொசாம்பிக் சுதந்திரம் பெற்றது 1975 ஜூன் 25. அதற்கு முந்தைய நாள், ஜூன் 24, லிஸ்பனில் ஓர் ஆணை. காலனிகளில் பிறந்தவர்களின் போர்ச்சுகீசியக் குடியுரிமை போய்விட்டது. யாருக்குத் தங்கும்? போர்ச்சுகலில் பிறந்த அப்பனோ பாட்டனோ பூட்டனோ இருந்தால் தங்கும். அல்லது 1974 ஏப்ரலுக்கு முன்பே ஐந்து வருடத்துக்கு மேல் போர்ச்சுகலில் குடியிருந்திருந்தால் தங்கும். யூசேபியோ 1960-லேயே வந்தவர், தப்பித்தார். ஆணைக்கு நான்கைந்து வருடம் முன்பு கட்டடம் கட்டவும் குழி தோண்டவும் லிஸ்பனுக்கு வந்த கறுப்பினத் தொழிலாளிகள் ஒரே நாளில் அந்நியரானார்கள். இருபத்துநான்கு வருடம் துப்பாக்கி முனையில் 'நீ போர்ச்சுகீசியன், போர்ச்சுகீசியன்' என்று காதில் ஓதினார்கள். போகிற போக்கில், நீ யார், உன் தாத்தா யார் என்று கேட்டார்கள். மண் எங்களுடையது என்று சொன்னவரை மனிதர்களும் தங்களுடையவர்கள். மண் போனதும் ரத்தம் பார்த்தார்கள்.

அதே 1975-இல்தான் யூசேபியோவுக்கும் போக அனுமதி கிடைத்தது. பாஸ்டன், மெக்சிகோவின் மான்டெரே, டொரன்டோ, லாஸ் வேகாஸ், இடையில் போர்ச்சுகலின் சிறு கிளப்புகள். முட்டி முழுசாக இருந்தபோது தேசத்தின் சொத்து, முட்டி தேய்ந்தபின் தாராளமாக எங்கே வேண்டுமானாலும் போகலாம். பீரா-மார் என்ற சின்ன அணிக்கு ஆடியபோது பென்ஃபிகாவுக்கு எதிராக இறங்கவேண்டி வந்தது. என் கிளப்புக்கு எதிராக கோல் அடிக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடியே செய்தார். உடைமைக்கு உடையவன் மேல் இருந்த விசுவாசம் உடையவனுக்கு இருக்கவில்லை.

2014 ஜனவரி 5-இல் இறந்தார். மூன்று நாள் தேசிய துக்கம். பென்ஃபிகா மைதானத்து வாசலில் இருந்த அவருடைய வெண்கலச் சிலை துண்டுகளாலும் பூக்களாலும் மறைந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் உடலைத் தோண்டி எடுத்து, ஜனாதிபதிகளும் எழுத்தாளர்களும் உறங்கும் தேசிய மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். இறந்தபிறகும் இடமாற்றம், இம்முறையும் அரசாணைப்படி. ஒரு கால்பந்து வீரரை அங்கே வைத்தது அதுவே முதல்முறை. பதினெட்டு மாதத்தில் வேலை முடிந்தது. விரியாமுவில் எரிந்தவர்களுக்காக ஒரு போர்ச்சுகீசியப் பிரதமர் மபுட்டோவில் நின்று தலைகுனிய 2022 வரை, ஐம்பது ஆண்டு, ஆயிற்று.

இப்போது எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். மாறியிருக்கிறது. பென்ஃபிகா ரசிகராகத் தொலைக்காட்சியில் கால்பந்து விவாதம் பேசியே பிரபலமான ஆண்ட்ரே வெந்துரா, இப்போது ஷேகா என்ற தீவிர வலதுசாரிக் கட்சியின் தலைவர். காலனிகளிலிருந்து எடுத்துவந்த அருங்காட்சியகப் பொருள்களைத் திருப்பிக் கொடுக்கலாமே என்று ஒரு பெண் எம்.பி. சொன்னார். அவர் கினி-பிசாவில் பிறந்தவர். பொருளுக்குப் பதில் அந்த எம்.பி.யையே பிறந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று வெந்துரா 2020 ஜனவரியில் எழுதினார். 2025 மே தேர்தலில் அவர் கட்சிக்கு 60 இடம், நாடாளுமன்றத்தில் இரண்டாவது பெரிய கட்சி. யூசேபியோ பிறந்த திசையிலிருந்து வருபவன் பந்தோடு வந்தால் சிலை, பையோடு வந்தால் திருப்பி அனுப்பு.

அந்தப் பதிவு வந்து மூன்று வாரத்தில், பிப்ரவரி 16 அன்று, கிமராயிஸ் நகரில் ஓர் ஆட்டம். போர்ச்சுகலின் முதல் மன்னர் பெயர் சூட்டிய மைதானம். போர்ட்டோவின் ஸ்ட்ரைக்கர் மூசா மரேகா, பிரான்ஸில் பிறந்து மாலி நாட்டுக்கு ஆடியவர், முன்பு இதே கிமராயிஸ் கிளப்பின் சட்டையிலும் கோல் அடித்தவர். பயிற்சி ஓட்டத்திலிருந்தே கேலரியில் குரங்குச் சத்தம். அறுபதாவது நிமிடம் கோல் போட்டார். கேலரியைப் பார்த்துத் தன் கைத்தோலைச் சுட்டிக்காட்டினார். மேலேயிருந்து பிளாஸ்டிக் இருக்கைகளைப் பெயர்த்து எறிந்தார்கள். ஒன்றை எடுத்துத் தலைமேல் வைத்துக்காட்டினார். பத்து நிமிடம் பொறுத்தார். பிறகு போதும் என்று நடந்தார். சொந்த அணிக்காரர்கள் இடுப்பைப் பிடித்து, கையைப் பிடித்து, நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, ஆடு என்றார்கள். அவர் விலக்கிக்கொண்டு, கட்டைவிரலைக் கீழே காட்டியபடி வெளியேறினார். தடுத்தவர்களின் பதற்றம் புரிகிறது. கால் தானாக நடந்து வெளியே போவது அந்த மண்ணுக்குப் பழக்கமில்லாத காட்சி.

அன்று அந்த கோலுக்குப் பின் நடுவர் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தார். காட்டியது மரேகாவுக்கு.